மூன்று மீட்டர் மேடை: துபாய் கிரீக் விருந்துப் படகில் மரபுக் கலை – ஒரு நிகழ்வு ஆய்வு

துபாய் கிரீக்கில் இருட்டியதும் தேரா கரையிலும் பர் துபாய் கரையிலும் விளக்குச் சரம் சுற்றிய மரக்கலங்கள் புறப்பட ஆயத்தமாகின்றன. விளம்பரத்தில் மூன்று வாக்குறுதிகள் இருக்கும்: இரண்டு மணி நேரப் படகுச் சவாரி, வயிறு நிறையச் சாப்பாடு, பாரம்பரியக் கலை நிகழ்ச்சி. முதல் இரண்டும் பெரும்பாலும் குறைவில்லாமல் கிடைத்துவிடுகின்றன. இந்த ஆய்வு மூன்றாவதைப் பற்றியது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் குழுக்களுக்கு மாலை நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்வது என் வேலையின் ஒரு பகுதி. அந்த வகையில் ஒரே படகில் இரண்டு மாலைகளை அருகிலிருந்து கவனிக்க வாய்த்தது. முதலாவது, யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து ஏறும் வழக்கமான சவாரி. இன்னொன்று எங்கள் குழுவுக்காகவே எடுத்த படகு. நேரம், இடம், ஒலி ஆகியவற்றில் சிலவற்றை அன்று மாற்றிப் பார்க்க முடிந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதல்ல, இந்தத் தொழில் நடக்கும் முறைக்கே உரியது.

நான் சொல்ல வருவது இதுதான்: விருந்துப் படகில் எந்தக் கலை ஏறும், எவ்வளவு நேரம் நடக்கும், யார் கண்ணில் படும் என்பதையெல்லாம் மேசைகளுக்கு நடுவே மிஞ்சும் இடமும், பஃபே திறக்கும் நேரமும், ஒலிபெருக்கியும் தீர்மானிக்கின்றன. பண்பாட்டின் பங்கு மிகக் குறைவு. இந்த மூன்றையும் சற்றே சரிசெய்தால் அதே கலைஞரின் அதே ஆட்டம் வேறு தரத்தில் வந்து நிற்கிறது.

படகும் நீர்வழியும்

கிரீக் என்பது கடலிலிருந்து ஊருக்குள் புகுந்து ராஸ் அல் கோர் சதுப்புநிலம்வரை நீளும் உப்பங்கழி. மணல் மூடி ஆழம் குறைந்துகொண்டே வந்த இதை, அப்போதைய துபாய் ஆட்சியாளர் ஷேக் ராஷித் 1959இல் தொடங்கித் தூர்வார வைத்தார். கடன் வாங்கிச் செய்த வேலை அது. எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதோ 1966இல். அதாவது துபாய் முதலில் பிழைத்தது இந்தக் கழியால்தான். ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் இந்தியக் கரைகளுக்கும் சரக்கு ஏற்றி இறக்கிய மரக்கலங்களே அதன் கைகால்கள். இன்றும் தேரா பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டிகளையும் டயர்களையும் அடுக்கிக்கொண்டு டௌ மரக்கலங்கள் கிடக்கின்றன. ஒரு திர்ஹம் கொடுத்தால் அப்ரா படகு அக்கரையில் கொண்டுபோய் விடுகிறது.

அதற்கும் முன்னால் இங்கே ஆண்டது முத்து. கோடையில் ஏறத்தாழ நான்கு மாதம் ஆண்கள் கடலிலேயே கிடந்து முத்துக்குளித்தார்கள். ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929இன் உலகப் பொருளாதாரச் சரிவும் சேர்ந்து அந்தத் தொழிலை முறித்துப்போட்டன. இந்த முத்துக் காலம் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வரும். விருந்துப் படகில் காணாமல்போன கலை அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் ஏறிய படகு பழைய சரக்கு டௌ வடிவில் அமைந்த, இரண்டு தளம் கொண்ட மரக்கலம். கீழ்த்தளம் கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமும் கொண்டது, மேல்தளம் திறந்தவெளி. பல்லாண்டு எண்ணெய் குடித்துக் கறுத்த பலகைகள். இப்படிப்பட்ட மரக்கலங்களைக் கட்டுவதில் கேரளத்தின் பேப்பூருக்கும் குஜராத்தின் மாண்டவிக்கும் பெரும்பெயர் உண்டு. படகை ஓட்டிய நகுதாவும் கட்ச் கரைக்காரர்தான். கயிறு வீசிய கலாசிகளில் இருவர் மலையாளிகள்.

வழக்கமான மாலை

குளிர்காலத்துச் சனிக்கிழமை. எட்டு மணிக்கு வரவேற்பு: பேரீச்சம்பழம், சிறு கோப்பையில் ஏலக்காய் மணக்கும் அரபுக் காப்பி. எட்டரைக்குக் கட்டவிழ்த்தார்கள். பர் துபாய் பக்கம் காற்றுக்கோபுர வீடுகள், துணிச்சந்தை, ஷிந்தகாவில் முன்னாள் ஆட்சியாளர் ஷேக் சயீத் வாழ்ந்த பழைய இல்லம் என்று கரை நகர்ந்தது. முகத்துவாரத்துக்கு முன்பே படகு திரும்பி, தேரா கரையோரமாக மக்தூம் பாலத்தை நோக்கி வந்தது. பாய் விரித்ததுபோல் வளைந்து நிற்கும் வங்கிக் கட்டடத்தைத் தாண்டும்போது கிட்டத்தட்ட எல்லாருடைய கைப்பேசியும் உயர்ந்தது.

ஒன்பதே காலுக்குக் கீழ்த்தளத்தில் பஃபே திறந்தது. சாப்பாடு கரையிலுள்ள சமையற்கூடத்தில் சமைத்து, படகில் சூடாக வைத்திருப்பது. நூற்றுச் சொச்சம் பேருக்கு இரண்டு வரிசை. பத்து நிமிடம் கழித்து மேல்தளத்தில் இசை அதிர்ந்தது, தனூரா என்ற எகிப்தியப் பாவாடைச் சுழலாட்டம் ஆடுபவர் மேசைகளுக்கு நடுவே வந்து நின்றார்.

அந்த நேரத்தில் மேல்தளத்து விருந்தினரில் பாதிப்பேர் தட்டோடு கீழே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். இசை கேட்டதும் சிலர் வரிசையை விட்டு மேலே ஓடிவந்தார்கள். படிக்கட்டில் பிரியாணித் தட்டோடு ஏறுபவர்களும் வெறுங்கையோடு இறங்குபவர்களும் முட்டிக்கொண்டார்கள். மேலே உட்கார்ந்திருந்தவர்களின் பார்வையைப் பரிமாறுபவர்கள் மறைத்தார்கள். ஆட்டம் ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம். அதை முழுமையாகப் பார்த்தவர்கள் அந்தத் தளத்திலேயே சிலர்தான்.

பிறகு அவர் கீழே இறங்கி, அங்கே இன்னொரு முறை, இன்னும் சுருக்கமாக ஆடினார். கீழ்த்தளக் கூரை தாழ்வானது. தனூராவின் உச்சம் என்பது அடுக்குப் பாவாடைகளில் ஒன்றை இடுப்பிலிருந்து அவிழ்த்து, சுழற்சி குலையாமல் தலைக்கு மேலே குடைபோல் சுற்றுவது. கீழே அதற்கு வழியில்லை. மார்பளவுக்கு உயர்த்தி இறக்கிவிட்டார். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் பார்த்தது தனூராவின் பாதியைத்தான். அவர்களும் அதே ஆட்டத்துக்குத்தான் பணம் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஒரு கணம்

மேல்தள ஆட்டத்தின் நடுவில் நடந்த ஒன்றுதான் இந்த ஆய்வை எழுதத் தூண்டியது.

ஆட்டத்துக்கென்று விட்டிருந்த வெட்டவெளி சுமார் மூன்று மீட்டர். விரிந்த பாவாடையின் விளிம்பு, ஆடுபவரின் உடலிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் தள்ளிப் போகிறது. ஆக, இரு பக்கமும் மிஞ்சுவது ஒரு முழத்துக்கும் குறைவு. பாவாடை இடுப்பு உயரத்தில் சுழல்கிறது. மேசையும் அதன்மேல் நிற்கும் கண்ணாடித் தம்ளரும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே உயரம்தான். விநாடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், அந்த விளிம்பு மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கிறது. இப்போதெல்லாம் விளிம்பில் எல்இடி விளக்குகளும் அவற்றுக்கான மின்கலங்களும் தைக்கப்பட்டிருக்கின்றன. பறப்பது வெறும் துணி அல்ல.

எதிரே வந்த பெரிய படகு ஒன்று வேகம் குறைக்காமல் கடந்தது. அதன் அலை எங்கள் படகின் விலாவில் மோதியது. தளம் மெல்லச் சாய்ந்தது, உட்கார்ந்திருந்தவர்களில் பலர் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். சுழலும் பாவாடை தன் தளத்திலேயே நிற்கப் பார்க்கும், படகு மட்டும் அடியில் சாயும். மூன்று பாகைச் சாய்வு போதும், ஒரு பக்க விளிம்பு மேசைக்கு ஆறு சென்டிமீட்டர் நெருங்கிவிடும். ஒரு பெண்மணியின் முன்னால் இருந்த தம்ளர் தட்டிவிடப்பட்டு உருண்டது. ஆட்டக்காரர் நிற்கவில்லை. இடது காலை அச்சாக வைத்தபடியே வலது காலின் தள்ளலைக் குறுக்கி, இடுப்பை மறுபக்கம் சற்று ஒடித்து, ஒரே சுற்றில் விளிம்பை மேலே தூக்கிவிட்டார். அந்தத் திருத்தம்தான் அன்று இரவு நான் கண்ட மிகச் சிறந்த கலை. அதைக் கண்டு கைதட்டியவர் யாருமில்லை, ஏனென்றால் அது நடந்ததே தெரியவில்லை.

பிறகு அவரிடம் பேசினேன். கீழ்த்தளப் படிக்கட்டுக்குப் பின்னால், உணவுப் பெட்டிகள் அடுக்கிய இடுக்கில் உட்கார்ந்து பாவாடையின் மின்கலங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். எகிப்தியர். இளவயதிலேயே கெய்ரோவில் கற்றவர். ஆட்டத்துக்கு முன் வெறுங்காலோடு அந்த மூன்று மீட்டரையும் மெதுவாக நடந்து பார்ப்பாராம், பலகை எங்கே மேடு, எங்கே பள்ளம், படகு எந்தப் பக்கம் சாய்வாக மிதக்கிறது என்பதைக் கால் தெரிந்துகொள்ள. அலை வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“சகோதரரே, தாளக்காரர் கூட இருந்தால் என் கால் தடுமாறுவது அவர் காதில் விழுந்துவிடும். அவர் தாளத்தைத் தாங்கிப் பிடிப்பார், நான் நிதானிப்பேன். பென்டிரைவில் ஓடும் பாட்டு எனக்காகக் காத்திருக்காது.”

பேச்சு முடியுமுன்னே அவருக்கு அழைப்பு வந்தது. கரை சேர்ந்ததும் அடுத்த படகுக்குப் போக வேண்டும்.

சுழற்சியின் சூட்சுமம்

அவர் சொன்னதற்கு உடற்கூற்றியல் காரணமும் இருக்கிறது. உட்செவியின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம்தான் தலை திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் திரவமும் குழலும் சேர்ந்தே சுற்ற ஆரம்பித்து, அந்தச் சமிக்ஞை அடங்கிவிடும். சுழல்பவர் நிம்மதியாக உணர்வது அப்போதுதான். சிக்கல் இரண்டு இடங்களில் வரும்: திடீரென்று நிற்கும்போதும், சுற்றிக்கொண்டிருக்கையில் தலை வேறு பக்கம் சாயும்போதும். இரண்டாவதில் அதுவரை அமைதியாக இருந்த மற்றக் குழல்கள் ஒரேயடியாக விழித்துக்கொள்கின்றன, வயிறு புரட்டும். நிலத்தில் ஆடுபவர் தலையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்கிறார். படகில் அந்தக் கட்டுப்பாடு அலையின் கையில் இருக்கிறது. பல ஆண்டுப் பயிற்சி அந்த மயக்கத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்துவிடாது.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், பதிவுசெய்த இசைக்குப் படகில் சுழல்வது எவ்வளவு கடினமான காரியம் என்பது புரியும். வேகத்தை மாற்ற முடியாது, நிறுத்தும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, பாட்டு முடியும் இடத்தில் உடலும் முடிந்தாக வேண்டும்.

ஏன் தனூரா?

அரபு வளைகுடாவின் மரக்கலத்தில் எகிப்தின் ஆட்டம் ஏன் நடக்கிறது என்ற கேள்விக்கு வருவோம்.

தனூராவின் வேர் சூஃபி மரபில் இருக்கிறது. 1273இல் கொன்யாவில் மறைந்த ஜலாலுத்தீன் ரூமியின் வழிவந்த மெவ்லவிகள் சுழற்சியை இறைநினைவாகக் கொண்டவர்கள். ஒட்டோமான் காலத்தில் அவர்களின் மடம் கெய்ரோவிலும் இருந்தது. எகிப்து மண்ணில் அந்த வெண்ணுடை பல வண்ண அடுக்குகளாகவும், தியானம் விழா ஆட்டமாகவும் மாறின. கெய்ரோவில் மம்லூக் சுல்தான் அல் கூரி கட்டிய வணிகர் சத்திரத்தில் அரசு ஆதரவு பெற்ற தனூராக் குழு ஒன்று நிகழ்த்திவருகிறது. 1988இல் தொடங்கப்பட்ட குழு அது. அங்கே வாத்தியக்காரர்களுக்கே தனியிடம் உண்டு. மிஸ்மார் என்ற ஊதுகுழல், ரபாபா என்ற வில் வாத்தியம், பறைகள், விரல் தாளங்கள் என்று ஒவ்வொருவரும் தம் திறமையைக் காட்டிய பிறகே சுழற்சி தொடங்கும். மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்கும். படகில் நாம் பார்ப்பது அதன் உச்சிப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்த துண்டு.

எமிரேட்டுகளுக்கென்று சொந்தக் கலைகள் இல்லாமலில்லை. அல் அய்யாலா 2014இல் ஓமானும் ஐக்கிய அரபு எமிரேட்ஸும் சேர்ந்து முன்மொழிய, யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஏறத்தாழ இருபது இருபது பேராக இரண்டு வரிசை ஆண்கள் எதிரெதிரே நின்று, ஈட்டிபோல் மூங்கில் கோல்களை ஏந்தி, பறையொலிக்கு ஏற்பத் தலையசைத்துப் பாட்டிசைப்பார்கள். நடுவே வாத்தியக்காரர்கள். வாளை வானத்தில் எறிந்து பிடிப்பவர்கள் வேறு. பார்க்கப் பேரழகு. ஆனால் ஐம்பது பேருக்கு இடம் வேண்டும். விருந்துப் படகில் ஐம்பது பேர் ஆடினால் ஐம்பது நாற்காலிகளை எடுத்துவிட வேண்டும்.

தனூராவுக்கு ஒரே ஆள் போதும். மூன்று மீட்டர் போதும். மொழி தேவையில்லை, இருட்டில் விளக்குப் பாவாடை படத்தில் நன்றாக விழும், ஒரே கலைஞர் ஓர் இரவில் பல படகு ஏறி இறங்கலாம். இந்தக் கணக்குதான் அதைத் தேர்ந்தெடுத்தது. தனூராவின் மேல் எனக்குக் குறை எதுவுமில்லை. அது உயர்ந்த கலை, அதைச் சுமந்து திரிபவர்கள் உழைப்பாளிகள். ஆனால் அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் “இது துபாயின் பாரம்பரிய நடனம்” என்று சொன்னபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அது கெய்ரோவிலிருந்து வந்தது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் கலைஞருக்கும் மரியாதை, விருந்தினருக்கும் தெளிவு. சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

மாற்றிப் பார்த்த மாலை

சில வாரங்கள் கழித்து அறுபது பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு அதே படகை முழுதாக எடுத்தோம். அதே ஆட்டக்காரரையே கேட்டுப் பெற்றோம். மேலாளர் திருச்சூர்க்காரர், அனுபவசாலி. பஃபேக்கு முன்னால் ஆட்டம் என்றதுமே தயங்கினார்.

“சார், பசியோடு இருப்பவர்கள் முன்னால் எந்தக் கலையும் எடுபடாது. முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் இருக்கைக்கே சிறு தட்டுகளில் தொடக்க உணவு பரிமாறச் செய்தோம். முதன்மை உணவு ஆட்டம் முடிந்த பிறகுதான். மேசைகளில் ஒரு வரிசையை எடுத்துவிட்டு ஆட்ட இடத்தை ஏறத்தாழ நான்கு மீட்டராக்கினோம். சுற்றியுள்ள மேசைகளில் நெடிய தம்ளர்களுக்குப் பதில் குட்டைக் கோப்பைகள். ஆட்டக்காரர் தனக்குத் தெரிந்த தபலாக் கலைஞரையும் (நம் தபேலா அல்ல, கோப்பை வடிவ அரபுக் கைப்பறை) தஃப் என்ற வட்டப்பறை வாசிப்பவரையும் அழைத்துவந்தார். அவர்களுக்கான கூடுதல் ஊதியத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

எல்லாரையும் மேல்தளத்தில் உட்கார வைக்கலாமா என்பதில்தான் நீண்ட பேச்சு நடந்தது. இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கலை ஆர்வத்தில் நாம் மறந்துவிடக் கூடாத விஷயம் இது. 2006 மார்ச் 30 இரவு பஹ்ரைனில் அல் தானா என்ற விருந்துப் படகு, கரைக்கு மிக அருகிலேயே கவிழ்ந்தது. அதுவும் மரபு டௌ வடிவில் அமைந்து, மேலே தளம் ஏற்றப்பட்ட கலம். நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் இருந்த அந்தப் படகில் 58 பேர் உயிரிழந்தார்கள். இறந்தவர்களில் இந்தியர்களும் பலர். மேலே பாரம் கூடக்கூடப் படகின் ஈர்ப்பு மையம் உயர்கிறது, சாய்ந்தால் நிமிரும் திறன் குறைகிறது. அந்த நிலையில் கூட்டம் ஒரு பக்கம் நகர்ந்தால் போதும். ஆட்டத்தைப் படமெடுக்கவோ கரையைப் பார்க்கவோ மக்கள் ஓரிடத்தில் திரள்வது விருந்துப் படகில் தினமும் நடப்பது.

எங்கள் எண்ணிக்கை மேல்தளத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தது. அதை நகுதாவே பார்த்து உறுதி சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டோம். இருபுறமும் சமமாக உட்கார வைத்து, ஆட்டத்தின்போது எழுந்து நிற்க வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டோம். காட்டமான உத்தரவாகச் சொல்லவில்லை. காரணத்தைச் சொன்னோம், எல்லாரும் கேட்டார்கள். உட்கார்ந்தே பார்த்ததால் பின்வரிசைக்கும் ஆட்டம் தெரிந்தது என்பது கூடுதல் பலன்.

கிரீக் அகன்று போக்குவரத்து குறையும் பகுதிக்கு வந்ததும் நகுதா வேகத்தைத் தணித்தார். அலங்கார விளக்குகளை அணைத்தார்கள். முதல் சில நிமிடங்கள் தஃபும் தபலாவும் மட்டும். விருந்தினரின் பேச்சு தானாக அடங்கியது, யாரும் அமைதி காக்கச் சொல்லவில்லை. பிறகு அவர் மெதுவாகச் சுழல ஆரம்பித்தார். வழக்கமான மாலையில் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் பார்த்த அதே மனிதர், இப்போது வேகத்துக்கு ஏறிப் போவதைப் பார்த்தோம். எல்இடி பாவாடையை அவர் கொண்டுவந்திருந்தும் பயன்படுத்தவில்லை. அது அவராகவே எடுத்த முடிவு. சாதாரணத் துணிப்பாவாடையின் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் சுழற்சியில் ஒன்றோடொன்று கலந்து வட்டங்களாயின.

நடுவே ஓர் அப்ரா குறுக்கே போனது, படகு இலேசாக ஆடியது. தபலாக்காரர் ஆட்டக்காரரின் காலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு ஆவர்த்தம் முழுக்க ஒரே அடியைத் தட்டிக்கொண்டே காத்திருந்தார். ஆட்டக்காரர் இடுப்பை நிதானப்படுத்தித் தலையைச் சற்றே அசைத்ததும் தாளத்தை மீண்டும் அவிழ்த்துவிட்டார். “தாங்கிப் பிடிப்பார்” என்று அவர் சொன்னது இதைத்தான். ஆட்டம் இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டியது. மதுரையிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர், கரகம் தலையில் நிற்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர், முடிந்ததும் எழுந்துபோய் ஆட்டக்காரரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் பொதுமொழி இல்லை.

சாப்பாடு தாமதமாகிவிட்டது என்ற புகார் இரண்டு மேசைகளிலிருந்து வந்தது. குழந்தைகளோடு வந்தவர்கள். அடுத்த முறை குழந்தைகளுக்கு மட்டும் முன்கூட்டியே பரிமாறிவிட வேண்டும்.

எதை எங்கும் செய்யலாம், எதை முடியாது

நாங்கள் செய்ததெல்லாம் வழக்கமான சவாரிக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒரு வரிசை மேசையை எடுத்தால் வருமானம் குறையும். அறுபது பேரோடு புறப்படும் படகின் செலவை ஒவ்வொரு நாளும் யாரும் தாங்க மாட்டார்கள். கீழ்த்தளக் கூரையை உயர்த்த முடியாது.

ஆனால் ஆட்டத்தையும் பஃபேயையும் ஒரே நேரத்தில் வைக்காமல் இருக்கக் காசு செலவில்லை. இருபது நிமிட இடைவெளி விட்டாலே படிக்கட்டு நெரிசல் தீரும், பரிமாறுபவர்கள் பார்வையை மறைக்க மாட்டார்கள், சூடான தட்டோடு ஏறி இறங்கும் ஆபத்தும் குறையும். ஒரே ஒரு தாளக்காரரைச் சேர்ப்பது செலவுதான், ஆனால் அவர் அதே படகில் வரவேற்பின்போதும் வாசிக்கலாம், ஆட்டத்துக்கும் வாசிக்கலாம். எனக்கு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் கேட்பேன். நேரடி நிகழ்ச்சி என்று விற்றுவிட்டு, இசை முழுவதையும் ஒலிபெருக்கியிலிருந்து தருவது முறையல்ல. கீழ்த்தளத்துக்குப் பாதித் தனூராவைக் காட்டுவதைவிட, அங்கே இசையை மட்டும் முழுமையாகத் தருவது நேர்மையானது. டிக்கெட் விற்கும்போதே எந்தத் தளத்தில் எது கிடைக்கும் என்று சொல்லிவிட வேண்டும்.

ஏற்றப்படாத பாட்டு

கடைசியாக, என்னை விடாமல் தொந்தரவு செய்யும் விஷயம்.

முத்துக்குளிக்கும் கலங்களில் நகுதா, மூச்சடக்கி மூழ்குபவர்கள், கயிறிழுத்து அவர்களை மேலேற்றுபவர்கள் ஆகியோரோடு, பாடுவதற்கென்றே ஒருவரை ஏற்றிச் செல்வார்கள். அவர் நஹ்ஹாம். பாய் ஏற்றும்போது ஒரு பாட்டு, துடுப்பு வலிக்கும்போது ஒன்று, நங்கூரம் தூக்கும்போது ஒன்று. அவர் உச்சத்தில் குரலெடுக்க, மற்றவர்கள் அடிவயிற்றிலிருந்து மிகத் தாழ்ந்த ஸ்ருதியில் முனகலாக ஏந்திக்கொள்வார்கள். கைத்தட்டலும், மிர்வாஸ் என்ற சிறு பறையும் துணை. ஜஹ்லா என்ற மண்பானையையும் தட்டி வாசிப்பார்கள், நம் கடத்துக்குத் தூரத்து உறவு. வளைகுடா முழுக்க இருந்த இந்த மரபில் பஹ்ரைனின் ஃபிஜ்ரி என்ற முத்துக்குளிப்புப் பாட்டு 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

கரைவலை இழுக்கையில் அம்பா பாடும் கரையிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த மண் நம்முடையது.

இந்தக் கலை மரக்கலத்திலேயே பிறந்தது. மூன்று மீட்டர்கூட வேண்டாம், நான்கைந்து பேர் சம்மணமிட்டு உட்கார இடம் இருந்தால் போதும். படகு சாய்ந்தால் பாட்டு கெடாது. அலையின் அசைவே அதன் காலப்பிரமாணம். கூரை தாழ்வாக இருந்தாலும் குரல் எழும்பும், ஆகவே கீழ்த்தளத்திலும் முழுமையாக நடத்தலாம். விருந்துப் படகின் எல்லாக் கட்டுப்பாடுகளுக்கும் இயல்பாகவே பொருந்தும் ஒரே கலையைத்தான் யாரும் அழைப்பதில்லை.

மேலாளரிடம் கேட்டேன். “மொழி புரியாத பாட்டுக்கு யார் சார் உட்காருவார்கள்?” என்றார். தனூராவுக்கு ஒலிக்கும் பாட்டும் அரபியில்தானே என்றேன். சிரித்தார், யோசித்தார், அடுத்த குளிர்காலத்தில் எங்கள் குழு வரும்போது பார்ப்போம் என்றார். கலைஞர்களை வாரக்கணக்கில் முன்பே பேசி வைக்க வேண்டும், நிகழ்ச்சி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாட்டின் பொருளைத் தமிழில் சில வரிகளாக எழுதி மேசைகளில் வைப்பது எங்கள் பொறுப்பு. கட்டவிழ்க்கும் நேரத்தில் பத்து நிமிடம் என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. பாட்டு முடியும்வரை இயந்திரத்தை முடுக்காமல் படகைக் கயிற்றிலேயே நிறுத்தி வைக்க நகுதா சம்மதித்துவிட்டார். ஒலிவாங்கி வேண்டாம் என்ற எங்கள் நிபந்தனை மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது.